கத்திரிப்பூ நிறத்தில் ஒரு டிரஸ்ஸிங் டேபிள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சின்ன மேசை இருக்கிறது. நெதர்லாந்தில் எய்ந்தோவன் என்கிற ஊரில், மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிய வாடகை வீடு எங்களுடையது. வருகிறவர்களுக்கு அந்த மேசையில்தான் காபி வைப்பேன். பக்கத்து வீட்டு மார்யோலைன் முதல் தடவை வந்தபோது அதைத் தடவிப் பார்த்து எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். தெருவில் கிடந்தது, தூக்கி வந்து தேய்த்துப் பெயின்ட் அடித்தேன் என்றேன். கையைத் தட்டி, பூமியையே நான் காப்பாற்றிவிட்ட மாதிரி பாராட்டினாள். அடுத்த வாரம் நம்மூர்க் குடும்பம் ஒன்று வந்தது. அந்த அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். "தெருவுலயா?" என்றவர் காபியை மேசையில் திரும்ப வைக்கவேயில்லை. கிளம்பும் வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

இங்கே மாதத்தில் ஒரு நாள் 'க்ரோஃப்ஃபௌல்' நாள். பெரிய சாமான்களைக் கழித்துப் போடுகிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே கட்டில், நாற்காலி, இழுப்பறைப் பெட்டி எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிடுவார்கள். காலையில் நகராட்சி வண்டி வருவதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல கோட்டுப் போட்ட மனிதர்கள் குனிந்து கிளறுவார்கள். நாற்காலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்கள். 2006இல் வந்த புதிதில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து நானே இறங்கிப் போனேன். முதலில் எடுத்தது மூன்று இழுப்பறை உள்ள ஒரு பெட்டி. என் கணவர் சேகர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் நட, நம்ம ஆளுங்க யாராவது பாத்துடப் போறாங்க" என்றார். பார்த்தால் பார்க்கட்டுமே, திருடவா செய்கிறோம் என்று வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

எனக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி இல்லை. படித்த படிப்பைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டு, மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தவள். அந்தப் பெட்டியைப் பால்கனியில் போட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்ததும் எனக்குக் கை முளைத்தது. மேலே இருந்த பழுப்பு வார்னிஷ் போய், உள்ளே மரத்தின் வரி தெரிந்தது. விரிசலுக்குப் பட்டி வைத்து, பிரைமர் பூசி, இரண்டு கோட்டு பெயின்ட் அடித்தேன். இழுப்பறைகளின் உள்ளே ஒட்ட, 'கிரிங்லோப்' என்கிற பழைய சாமான் கடையில் மிச்சம் மீதி சுவர்க்காகிதம் சுருள் சுருளாகக் கிடைத்தது. கடைப் பசையை நம்பாமல் மைதாவைக் காய்ச்சி ஒட்டினேன். குமிழ் வராமல் காகிதத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு சுகம் இருக்கிறது, செய்தவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் நிறுத்தவில்லை. வீட்டில் புதிதாக வாங்கியது என்று சொல்ல மெத்தையும் மிக்ஸியும்தான் உண்டு.

பேச்சு வராமல் இருக்குமா? "யாரு செத்த கட்டிலோ, புள்ளையப் படுக்க வைக்கிறா" என்று தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு பொங்கல் விருந்தில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். செத்தவங்க கட்டிலையும் தூக்கிக்கிட்டா போவாங்க என்று கேட்டேன். அதோடு அந்த வட்டத்தில் எனக்கு 'பொறுக்கி எடுக்குறவ' என்று பெயர் விழுந்தது. விழட்டும். ஆமாம், பொறுக்கினேன். நூறு சாமானில் தொண்ணூற்றொன்பதைத் தள்ளிவிட்டு ஒன்றைப் பொறுக்கினேன். கடையில் போய்ப் புடவை எடுக்கிறவர்கள் வேறென்ன செய்கிறார்களாம்? இவர்கள் வாயை அடைக்க எனக்குத் தெரியும். அடைக்க முடியாத ஒரு வாய் கடலூரில் இருந்தது. அது என் அப்பாவுடையது.

அப்பா குமராட்சிப் பக்கம், கொள்ளிடக்கரை ஊரொன்றின் காலனியில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பண்ணை வீட்டு வயலில் வேலை செய்தவர்கள். பொங்கலுக்குப் பொங்கல் பண்ணை வீட்டுப் பின்வாசலில் நெல்லோடு பழைய துணியும் கொடுப்பார்கள். ஒரு வருடம் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு காக்கி டவுசர். விடுமுறை முடிந்து அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். பண்ணை வீட்டுப் பையனும் அதே வகுப்பு. "அது என் டவுசரு. பாக்கெட்டுல மை கொட்டியிருக்கும் பாரு" என்று அவன் சொல்ல, மொத்த வகுப்பும் வந்து பாக்கெட்டைப் பார்த்தது. மைக்கறை இருந்தது. அப்பா படித்து, ஆசிரியராகி, தலைமை ஆசிரியராகி, கடலூர் செம்மண்டலத்தில் வீடு கட்டினார். அந்த வீட்டுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். "அடுத்தவன் கழிச்சது நம்ம வாசப்படி ஏறக் கூடாது." பழைய சைக்கிள் மலிவாக வந்தபோது வேண்டாம் என்று, புதுசு வாங்கும் வரை நடந்தே பள்ளிக்கூடம் போனவர். எனக்குப் பாடப்புத்தகம்கூட மேல் வகுப்பு அக்காக்களிடம் வாங்கவிட்டதில்லை. ஜூன் மாதம் புதுப் புத்தகம், புது வாசனை, பிரவுன் அட்டை. அந்த வாசனையில் வளர்ந்தவள் நான்.

2008இல் ஒரு நாள் தொலைபேசியில் எங்கள் வீட்டுச் சோபா தெருவில் எடுத்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அங்க அவ்ளோ கஷ்டமாம்மா?" என்றார். இல்லப்பா, இங்கே இது சகஜம், எல்லாரும் செய்வார்கள் என்று விளக்கினேன். "பென்சன் பணம் சும்மாத்தான் கெடக்கு. அனுப்புறேன், புதுசா ஒண்ணு வாங்கிப் போடு" என்றார். ஐரோப்பாவில் இருக்கிற மகளுக்குச் சோபா வாங்கச் செம்மண்டலத்திலிருந்து பணம் அனுப்புகிறாராம். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், "புதுசு வாங்கிட்டியா?" என்ற கேள்வியில்தான் பேச்சு முடியும்.

அவர் ரத்தம்தான் எனக்குள்ளும் ஓடுகிறது என்பதை எனக்குக் காட்டியவள் மார்யோலைன். என் மகளுக்கு இரண்டு வயது இருக்கும். ஒரு காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பெரிய பை. உள்ளே அவள் பேத்தி போட்டுக் கழித்த கவுன்கள், துவைத்து, மடித்து, நல்ல துணிகள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டு மணியை அடித்தேன். வேண்டாம், நன்றி என்றேன். "உனக்குப் பழைய பொருள்கள் என்றால் பிடிக்குமே?" என்று கேட்டாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. நானே எடுப்பது வேறு என்றேன். "சரி, அப்படியானால் தெருவில் வைத்துவிடுகிறேன், நீ எடுத்துக்கொள்" என்று உதவிக்கு வந்தாள். நல்ல மனசு. ஆனால் வாசலில் வைத்துவிட்டுப் போகிற பையைப் பற்றி அவளுக்கு நான் எங்கிருந்து ஆரம்பிப்பது? குமராட்சியிலிருந்தா? உங்கள் மதத்தில் கூடாதா என்று கடைசியில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த நிலையில்தான் என் அம்மா ஒன்று கேட்டார். ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் இருந்த டிரஸ்ஸிங் டேபிளைப் பார்த்துவிட்டார். "அது என்னா டேபிளு? உக்காந்துக்கிட்டே தல வாரலாமா?" என்றார். பழசும்மா, நான்தான் பெயின்ட் அடித்தேன் என்றேன். "இருக்கட்டுமே" என்றவர், குரலைத் தாழ்த்தி, "எனக்கொண்ணு அப்புடி செய்வியா?" என்றார். செம்மண்டலம் வீட்டில் அம்மா முகம் பார்ப்பது வாஷ்பேசின் கண்ணாடியில். அப்பா சவரம் செய்ய அவர் உயரத்துக்கு மாட்டியது. அம்மா குள்ளம். அதில் அவருக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். பொட்டு வைக்க அது போதும் என்பார். என்னிடம் அதுவரை எதையும் கேட்காத மனுஷி. அப்பா என்ன சொல்வார் என்று கேட்டேன். "சொல்லட்டும்" என்றார்.

2010 பொங்கலுக்குப் போனோம். சேகரின் பெற்றோர் வீடு சிதம்பரத்தில். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் பழைய பெரிய வீடுகளை இடித்து லாட்ஜும் கடையுமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுச் சாமான்கள் எல்லாம் தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய சாமான் கடையில் வந்து குவிந்திருந்தன. போன இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டேன். தேக்கு, இரண்டு பக்கமும் இழுப்பறை, நடுவில் நீளமான கண்ணாடி. உட்கார்ந்தால் தலை முதல் மடி வரை தெரிந்தது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். குட்டி யானை வண்டியில் ஏற்றி, முட்லூர், ஆலப்பாக்கம், கடலூரின் பழைய நகரமான ஓ.டி. தாண்டி, நானும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செம்மண்டலம் போய் இறங்கினேன். அப்பா கேட்டுக்குள் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, மகள் ஏதோ வாங்கி வருகிறாள் என்று. தார்ப்பாயை விலக்கியதும் முகம் மாறியது.

"யார் வீட்டுது?"

"கடையில வாங்குனதுப்பா. காசு குடுத்து."

"காசு குடுத்தா பழசு புதுசாவுமா?"

"நானா தேடிப் புடிச்சி வாங்குனது. யாரும் கூப்புட்டுக் குடுக்கலப்பா."

"உனக்கு அது வெளையாட்டு. எங்கயோ வெள்ளக்காரன் தெருவுல எடுத்தா நாகரிகம். நான் எடுத்தா என்னா பேருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் ஜாஸ்தியானது. டிரைவரிடம் கார் ஷெட்டில் இறக்கச் சொன்னேன். வீட்டில் கார் இல்லாததால் ஷெட் காலியாக இருந்தது. வாசப்படி ஏறவில்லையே, சட்டப்படி சரிதான்.

அடுத்த சில நாட்கள் ஷெட்டில்தான் குடியிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி, அப்பாவுக்குத் தெரியாமல் உள்ளே அம்மாவின் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, மரத்தைத் தேய்த்தேன். பெயின்ட் கடையில் கொடுத்த ஷேடு கார்டை அம்மாவிடம் நீட்டி, என்ன கலர் என்று கேட்டேன். "ஏதாவது அடி, எனக்கு என்னா தெரியும்" என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் பீரோவைத் திறந்து, நான் பார்த்தே இராத ஒரு புடவையின் முந்தானையை எடுத்து வந்து காட்டினார். "இந்த மாதிரி வருமா?" கத்திரிப்பூ நிறம். கடைக்காரர் இரண்டு டப்பாவைக் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார். இழுப்பறைக்கு ஒட்ட எய்ந்தோவனிலிருந்து ஒரு சுருள் சுவர்க்காகிதம் கொண்டுபோயிருந்தேன். தண்ணீருக்குள் நிற்கிற செடிகளும் நீளக்கால் கொக்குகளும். "பிச்சாவரம் மாதிரி இருக்குதே" என்றார் அம்மா. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடச் சொன்னதும் அவர்தான். காகிதத்தின் ஓரத்தை நான் பிடிக்க, அவர் பழந்துணியால் நீவிவிட்டார். அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போகிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவுகிற நாள். ஷெட்டைக் கழுவ வேண்டும், எடு என்றார் அப்பா. தரை காயும் வரைதானே என்று நானும் அம்மாவும் டேபிளைத் தூக்கி கேட்டுக்கு வெளியே, சுவரோரம் வைத்தோம். இரண்டாவது கோட்டும் காற்றில் காயட்டும் என்று நினைத்தேன். அப்புறம் மகளைத் தூங்க வைக்கப் போய் நானும் தூங்கிவிட்டேன். யோசித்துப் பாருங்கள், கடலூரில் பிறந்து வளர்ந்தவள் நான். போகிக்கு முதல் நாள் கேட்டுக்கு வெளியே வைக்கிற எதுவும் விடியற்காலைத் தீக்குத்தான் என்பது எனக்குத் தெரியாதா? வாசலில் இருப்பது எடுத்துப் பிழைக்க வைக்கத்தான் என்கிற ஊரில் நாலு வருடம் இருந்துவிட்டு, என் ஊரின் வாசலை மறந்துபோனேன்.

மேளச் சத்தத்தில் விழித்து ஓடினால் சுவரோரம் காலி. அம்மா எனக்கு முன்னாலேயே தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார். பாய், முறம், கிழிந்த தலையணை, எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. டேபிள் பக்கவாட்டில் கிடந்தது. ஒரு கால் தீக்குள் இருந்தது. என் அம்மா தெருவில் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. காய்கறிக்காரரைக்கூட கேட்டுக்குள் வந்தபின்தான் விலை கேட்பார். அன்றைக்கு நைட்டி மேல் துண்டோடு, தெருப் பையன்களுக்கு நடுவில் நின்று, "எட்றா அத" என்றார்.

"சார் வீட்டு வாசல்ல வெளிய வெச்சிருந்துச்சி அத்த, அதான்..." என்றான் ஒருவன்.

"வெளிய இருந்தா எரிச்சிடுவியா? நான்கூடத்தான் வெளிய நிக்கிறேன்."

பையன்களே இழுத்துப் போட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி, தூக்கியும் வந்தார்கள். கேட்டில் அப்பா நின்றிருந்தார். அம்மா அவருக்கு எதிரில் நின்றார்.

"ராத்திரி கேட்டப் பூட்டுனது நீங்கதான? இது வெளிய நிக்கிறதப் பாத்தீங்கல்ல?"

அப்பா கேட்டின் கொண்டியை இழுத்து விட்டார். பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறார்.

"அவன் டவுசரப் போட்டுக்கிட்டு நின்னவன் நான்" என்றார் கடைசியில், பையன்கள் இருப்பதையும் பார்க்காமல்.

"தெரியும். கல்யாணம் ஆன நாள்லேந்து கேக்குறேன். அது நீங்க கேக்காம அவன் குடுத்தது. இது நான் கேட்டு என் பொண்ணு செஞ்சது. கலரு நான் சொன்னது." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் புதுசாத்தான் வாங்கிப் போட்டீங்க. இல்லன்னு சொல்லல. ஒண்ணாவது எனக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டு வாங்குனீங்களா?"

"உள்ள வராது" என்றார் அப்பா.

"வர வேணாம்" என்று சொல்லிவிட்டு, பையன்களை வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போனார் அம்மா. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சமையலறையின் பின்சுவரை ஒட்டி இறக்கச் சொன்னார். கருகின காலை நான் சீவி, பட்டி வைத்து, மறுபடி பெயின்ட் அடித்தேன். கண்ணாடியைப் பொருத்தினேன். பொங்கலன்று காலையில் அம்மா அந்தத் திறந்த வெளியில், சுற்றுச்சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க, உட்கார்ந்துகொண்டு தலை வாரினார். முழு முகத்தையும் பார்த்துப் பொட்டு வைத்தார். நாங்கள் ஊருக்குக் கிளம்பும் வரை அப்பா தோட்டத்துப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் நியாயம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த வருடம் ஐப்பசி மழைக்கு அம்மா தார்ப்பாயைப் போட்டு மூடினார். மழை வலுத்ததும் அப்பா கடைக்குப் போய்ப் புது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இரும்புக் குழாயும் வாங்கி வந்து, ஆள் வைத்துப் பின்பக்கம் ஒரு சார்ப்பு இறக்கினாராம். துவைக்கிற கல்லு நனையுது என்று காரணம் சொன்னாராம். துவைக்கிற கல் நனையாமல் இருந்து என்ன செய்யப் போகிறது என்று அம்மா கேட்கவில்லை. போன வருடம், 2011 கடைசியில், புயல் வந்து கடலூரையே புரட்டிப் போட்டபோது அந்த ஷீட்டும் பறந்தது. காற்று கிளம்பும் முன்பே அப்பா டேபிளைச் சாக்கால் சுற்றி ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார். உள்ளே மட்டும் கொண்டுபோகவில்லை. பல நாள் மின்சாரம் இல்லாமல், எங்களுக்குப் பேச்சுமில்லாமல், மறுபடி அம்மாவின் முகம் திரையில் வந்தபோது பின்னால் சிமென்ட் மூட்டைகள் தெரிந்தன. இந்தத் தடவை அப்பா கான்கிரீட் கூரையே போடுகிறாராம். சாரல் அடிக்கிறது என்று பக்கச் சுவரும் எழும்பியிருந்தது.

"அப்ப வீட்டுக்குள்ள வந்துடுச்சின்னு சொல்லு" என்றேன்.

"எங்க வந்துச்சி? அது வெச்ச எடத்துலயேதான் இருக்கு. வீடுதான் வெளிய வந்துக்கிட்டு இருக்கு" என்றார் அம்மா.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. என்னிடம் நேராகப் பேசாமல் அம்மாவிடம் சொன்னார். "சுவரு எழும்பிடுச்சி, ரூமாவே ஆக்கிடலாம். அவ வந்தா இங்க தங்குவாளான்னு கேளு."

"தங்குவேம்பா. ஆனா திரும்பிப் போயிடுவேன்" என்று நானே சொன்னேன்.

"அது தெரிஞ்சதுதான்" என்றார். மடிக்கணினியை அம்மா திருப்பிக் காட்டினார். பாதிச் சுவருக்கு நடுவில் கத்திரிப்பூ நிறம். அதற்கு இந்தப் பக்கம் கொத்தனார் கரணையோடு நின்று, கதவை எங்கே வைக்கட்டும் சார், சமையக்கட்டுப் பக்கமா, தோட்டத்துப் பக்கமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா டேபிளைப் பார்த்தார், திரையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் வெச்சிடுப்பா" என்றார்.